விழுவதை எண்ணாதீர்; எழுவதைப் பாருங்கள்



பிறர் ஒப்புக்கொள்ளும் குறைகளைக் கேட்டே பழகியவன், இம்மாதம் என் குறை ஒன்றை உங்களிடம் ஒப்புக்கொண்டு தொடங்குகின்றேன்.

2006ஆம் ஆண்டு தென்மாவட்டச் சிற்றூர் ஒன்றில் பங்குப் பணி ஆற்றிவந்தேன். ஒரு ஞாயிறு திருப்பலி முடிந்து வெளியே வருகையில், மூதாட்டி ஒருவர் தம் பேரனைக் கையில் பிடித்து என் முன் நிறுத்தினார். அவனுக்கு மூன்றரை வயது. சிரித்தால் கன்னம் குழியும். முழங்கால்களிலும் நெற்றியிலும் ஆறியவையும் ஆறாதவையுமாகப் பல காயங்கள்.

"சாமி, இவன் நடக்கையில அடிக்கடி விழுந்துருதான். தலையில கை வச்சு ஜெபம் பண்ணுங்க" என்றார்.

கை வைத்து மன்றாடினேன். அது என் கடமை. ஆனால் அத்தோடு நில்லாமல், "ஓடியாடுற பிள்ளை விழத்தான் செய்யும் ஆச்சி. வளர்ந்தாச் சரியாப் போயிரும்" என்று சொல்லி அனுப்பினேன். அவ்வாறு சொல்ல எனக்கு ஒரு தகுதியும் இல்லை. குருமடத்தில் மெய்யியலும் இறையியலும் பயின்றவன் நான். மருத்துவம் பயின்றவன் அல்லன். ஆயினும் அவ்வீட்டில் என் சொல் மருத்துவரின் சொல்லாகவே கொள்ளப்பட்டது. "சாமியே சொல்லிட்டாரு" என்று அவர்கள் நிம்மதியாக இருந்துவிட்டனர்.

அக்கோயிலில் பங்கு மக்கள் தரையில் அமர்வதே வழக்கம். நற்செய்தி வாசகத்திற்கு எல்லாரும் எழுந்து நிற்கும்போது, அச்சிறுவன் மட்டும் வேறு விதமாக எழுவான். முதலில் கைகளைத் தரையில் ஊன்றிக் குனிந்தபடியே இடுப்பை உயர்த்துவான். பிறகு ஒரு கையை முழங்காலில் வைப்பான். பிறகு இரு கைகளையும் தொடைமீது மாற்றி மாற்றி ஊன்றி, தன் உடல்மீதே தான் ஏறுகின்றவனைப் போல நிமிர்வான். பீடத்திலிருந்து ஞாயிறுதோறும் அதைக் கண்டேன். குழந்தை விளையாடுகின்றது என்று எண்ணிக்கொண்டேன். அவனுடைய கெண்டைக்கால்கள் வயதுக்கு மீறித் திரண்டிருந்தன. "மல்லன் கால் சாமி" என்று பாட்டி பெருமையோடு காட்டுவார். நானும் சிரிப்பேன்.

பள்ளிக்குச் சென்றபின், வரிசையில் எப்போதும் கடைசியாக வருகின்றான், படியேறச் சோம்புகின்றான் என்று குறை கூறப்பட்டான். அதற்காகத் தந்தையிடம் அடியும் வாங்கினான். 2010ஆம் ஆண்டு பள்ளிக்குப் பரிசோதனைக்காக வந்த மருத்துவர் ஒருவர், அவனைத் தரையில் அமரச் சொல்லி, பின் எழச் சொன்னார். ஒரே முறைதான் பார்த்தார். உடனே பெற்றோரை அழைத்துவரச் சொல்லி, குருதிப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தார். நான் நான்கு ஆண்டுகளாகக் கண்டும் காணாததை அவர் அரை நிமிடத்தில் கண்டுகொண்டார். அது டூஷேன் வகைத் தசைச் சிதைவு நோய்.

அப்போது அவ்வீட்டில் மூன்று வயதில் இன்னோர் ஆண் பிள்ளையும் இருந்தான். அவனையும் சோதித்தனர். அவனுக்கும் அதே நோய் இருந்தது.

சோதரரே, சோதரியரே, அன்று முதல் "வளர்ந்தால் சரியாகிவிடும்" என்னும் சொற்களை நான் எளிதில் சொல்வதில்லை. வீடு மந்திரிக்கச் செல்லுமிடங்களில் குழந்தைகளின் நடையைப் பார்க்கின்றேன். ஐயம் எழுந்தால் மருத்துவரிடம் அனுப்புகின்றேன். அவ்வாறு மருத்துவர்களிடம் கேட்டும் கற்றும் நான் அறிந்துகொண்டவற்றையே இங்கு எழுதுகின்றேன்.

விழாமல் நடந்தவர் யார்?

முதலில், அஞ்ச வேண்டாததைச் சொல்லிவிடுகின்றேன். நடை பழகும் குழந்தை விழுவது நோயன்று. அதுவே அதன் பாடம். நியூயார்க் பல்கலைக்கழகப் பேராசிரியை கேரன் அடோல்ஃப் என்பவர் தம் குழுவினரோடு குழந்தைகளின் நடையைப் பல்லாண்டுகளாக ஆராய்ந்துவருகின்றார். அவர்கள் 2012ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வின்படி, 12 முதல் 19 மாத வயதுள்ள குழந்தைகள் தம் விருப்பம்போல் விளையாடுகையில், ஒரு மணி நேரத்தில் சராசரியாக 2,368 அடிகள் எடுத்துவைத்தனர். 17 முறை விழுந்தனர். ஒரு மணி நேரத்திற்குள் பதினேழு முறை! நம் வீட்டுப் பிள்ளை பொழுதெல்லாம் விழுந்துகொண்டே இருக்கின்றது என்று கவலுறும் தாய் இக்கணக்கை நினைவில் கொள்வாராக.

இதற்குக் காரணம் உண்டு. சிறு குழந்தைக்கு உடலை நோக்கத் தலை பெரிது, கால் குறுகியது. எனவே அது கால்களை அகல வைத்து, கைகளைத் தோளுயரம் தூக்கி, தத்தித் தத்தி நடக்கின்றது. பாதம் தட்டையாகத் தோன்றும். இரண்டு வயது வரை கால்கள் வில்போல் சற்று வெளிப்புறம் வளைந்திருக்கலாம்; மூன்று நான்கு வயதில் முழங்கால்கள் ஒன்றையொன்று இடிப்பதுபோல் உட்புறம் சாயலாம்; ஏழு வயதளவில் பெரும்பாலும் நேராகிவிடும். அவ்வப்போது நுனிக்காலில் நடந்து பார்ப்பதும் நடை பழகும் பருவத்தின் விளையாட்டே. இவற்றிற்காக இரவுறக்கம் கெட வேண்டுவதில்லை.

ஆனால் இவை யாவற்றிற்கும் பொதுவான ஒரு நியதி உண்டு. நாள் செல்லச் செல்ல நடை தேற வேண்டும். சென்ற மாதம் சுவரைப் பிடித்து நடந்த குழந்தை இம்மாதம் கைவிட்டு நடக்க வேண்டும். சென்ற பொங்கலுக்குத் தடுமாறியது இந்தப் பொங்கலுக்கு ஓட வேண்டும். தேறுகின்ற பிள்ளை எத்தனை முறை விழுந்தாலும் அஞ்ச வேண்டா. தேறாது நிற்கின்ற பிள்ளையும், கற்றதை இழக்கின்ற பிள்ளையுமே நம் கவனத்திற்கு உரியவர்கள்.

முன்னோர் வகுத்த மாதக் கணக்கு

குழந்தையின் வளர்ச்சியை மாதங்களாக வகுத்துப் பார்ப்பது மேனாட்டார் நமக்குப் புதிதாகக் கற்பித்ததன்று. நம் பிள்ளைத்தமிழ் இலக்கியம் குழந்தைப் பருவத்தைப் பத்தாகப் பகுக்கின்றது. ஐந்தாம் மாதம் கையூன்றித் தலை நிமிர்த்தி ஆடும் செங்கீரை; ஒன்பதாம் மாதம் கைகொட்டும் சப்பாணி; பதின்மூன்றாம் மாதம் தளர்நடையிட்டு வருமாறு அழைக்கும் வாரானை; இருபத்தோராம் மாதம் சிறுதேர் உருட்டல் என்று மரபாகச் சொல்வர். பாட்டுடைத் தலைவனைப் பாடவந்த புலவரும் குழந்தையை உற்றுநோக்கியே மாதங்களை வகுத்தனர் போலும்.

உலக நல நிறுவனம் இந்தியா, கானா, நார்வே, ஓமன், அமெரிக்கா ஆகிய ஐந்து நாடுகளின் நலமிக்க குழந்தைகளை ஆராய்ந்து 2006ஆம் ஆண்டு ஓர் எல்லையை வெளியிட்டது. அதன்படி, பிறர் துணையின்றித் தனியே நடக்கத் தொடங்கும் காலம் 8.2 மாதம் முதல் 17.6 மாதம் வரை. நம் புலவர் "வா" என்றழைத்த பதின்மூன்றாம் மாதம் இவ்வெல்லையின் நட்ட நடுவே நிற்பதைக் காண்க!

ஆகவே அடுத்த வீட்டுப் பிள்ளை பத்தாம் மாதம் நடந்தது, நம் பிள்ளை பதினைந்தாம் மாதம்தான் நடந்தது என்று ஒப்பிட்டு வருந்துவது வீண். ஆனால் 18 மாதம் நிறைந்தும் தனியே நடவாத குழந்தையை மருத்துவரிடம் காட்டியே ஆக வேண்டும். குறைமாதத்தில் பிறந்த குழந்தையானால், பிறந்த நாளிலிருந்து எண்ணாமல், பிறந்திருக்க வேண்டிய நாளிலிருந்து எண்ணுக. "அவங்க அப்பனும் லேட்டாத்தான் நடந்தான்" என்பது ஒரு செய்தி. மருத்துவரிடம் சொல்ல வேண்டிய செய்தி. மருத்துவரிடம் போகாமலிருப்பதற்கு அது காரணமாகாது.

எழுவதைப் பாருங்கள்

இனி இக்கட்டுரையின் தலையாய பொருளுக்கு வருகின்றேன். பெற்றோர் பெரும்பாலும் குழந்தை விழுவதையே பார்க்கின்றனர். விழுந்தவுடன் பதறி ஓடித் தூக்கிவிடுகின்றனர். அதனால் அது எவ்வாறு எழுகின்றது என்பதைக் காணும் வாய்ப்பை இழந்துவிடுகின்றனர். அடிபடாதபோது சற்றுப் பொறுத்திருந்து, அது தானாக எழுவதைப் பாருங்கள்.

மூன்று வயதுக்குட்பட்ட குழந்தை குப்புறத் திரும்பி, கைகளைத் தரையில் ஊன்றி எழுவது இயல்பு. மூன்று வயதுக்குமேல், தரையில் அமர்ந்த பிள்ளை பெரும்பாலும் துள்ளி எழுந்துவிட வேண்டும். ஆனால் கைகளை முழங்காலிலும் தொடையிலும் ஊன்றி, படிப்படியாகத் தன் உடல்மீதே ஏறி நிமிருமாயின், இடுப்பிலும் தொடையிலும் உள்ள தசைகள் வலுவிழந்துள்ளன என்பது பொருள். இலண்டன் மருத்துவர் வில்லியம் கவர்ஸ் 1879ஆம் ஆண்டிலேயே இதனை விளக்கமாக எழுதினார்; இன்றளவும் அவர் பெயராலேயே இவ்வறிகுறி வழங்கப்படுகின்றது. இதைக் காண கருவி வேண்டா, கட்டணம் வேண்டா. ஒரு பாயும், பார்க்கும் கண்ணும் போதும்.

இதனோடு சேர்த்துக் காண வேண்டியவை: வாத்து நடைபோல் இடுப்பை இருபுறமும் ஆட்டி நடத்தல், ஓட வேண்டிய வயதிலும் விரைந்து நடத்தலே ஆதல், இரு கால்களையும் ஒருங்கே தூக்கிக் குதிக்க இயலாமை, கைப்பிடியைப் பற்றி இழுத்தே படியேறுதல், எப்போதும் நுனிக்காலில் நடத்தல், கெண்டைக்கால் மட்டும் மிகத் திரண்டு கல்போல் இறுகியிருத்தல். இவற்றோடு பேச்சும் தாமதப்படலாம். அத்திரண்ட காலை வலிமை என்று எண்ணி நாங்கள் மகிழ்ந்தோமே, அது வலிமையன்று. தசை அழிந்த இடத்தைக் கொழுப்பும் நாரும் நிரப்பியதன் தோற்றமும் அதில் அடங்கும்.

டூஷேன் நோய் ஏறத்தாழ 3,500 முதல் 5,000 ஆண் குழந்தைகளுள் ஒருவருக்கு வருகின்றது. பிரெஞ்சு மருத்துவர் டூஷேன் 1860களில் இதனை விரித்துரைத்தார். தசை நார்களைச் சிதையாமல் காக்கும் டிஸ்ட்ரோஃபின் என்னும் புரதம் உடலில் உருவாகாமையே இதன் காரணம் என்பது 1987ஆம் ஆண்டு தெளிவாயிற்று. பெண் குழந்தைகளுக்கு இந்நோய் வருவது மிக அரிது. எனினும் தசையையும் நரம்பையும் நலிவிக்கும் வேறு நோய்கள் இருபாலாருக்கும் வருவன. ஆதலால் பெண் பிள்ளைகளின் நடையையும் அவ்வாறே கவனிக்க வேண்டும்.

அமெரிக்காவில் 2009ஆம் ஆண்டு வெளியான ஆய்வொன்று, இந்நோயுற்ற சிறுவரிடம் முதல் அறிகுறி காணப்பட்ட சராசரி வயது இரண்டரை என்றும், நோய் உறுதிப்பட்ட வயது ஏறத்தாழ ஐந்து என்றும் கூறுகின்றது. மருத்துவ வசதி மிகுந்த அந்நாட்டிலேயே இரண்டரை ஆண்டுகள் வீணாயின. சாமி சொல்லைக் கேட்டுச் சும்மா இருந்த சிற்றூர்க் குடும்பத்தைக் குறை சொல்வதெப்படி?

ஐயம் எழுந்தால் மருத்துவர் முதலில் கேட்பது ஓர் எளிய குருதிப் பரிசோதனையே. சி.கே. என்று சுருக்கமாக வழங்கும் கிரியேட்டின் கைனேஸ் அளவை அது காட்டும். இந்நோயில் அவ்வளவு இயல்பைவிடப் பத்து மடங்கிற்கும் மேலாக உயர்ந்திருக்கும். இங்கே ஓர் எச்சரிக்கை. கல்லீரல் பரிசோதனையில் காணப்படும் சில நொதிகள் தசையிலிருந்தும் வருவன. அவை உயர்ந்திருப்பதைக் கண்டு, கல்லீரல் நோய் என்று எண்ணி மாதக்கணக்கில் வேறு மருத்துவம் பார்த்த குழந்தைகள் உண்டு. எனவே அடிக்கடி விழும் குழந்தைக்குக் "கல்லீரலில் ஏதோ கூடியிருக்கின்றது" என்று சொல்லப்பட்டால், "சி.கே.யும் பார்த்துவிடலாமா, டாக்டர்?" என்று பணிவோடு கேட்பதில் தவறில்லை.

எளிதில் தீரக்கூடியவை

அடிக்கடி விழும் குழந்தைகளுக்கெல்லாம் கொடிய நோயே இருக்கும் என்று நான் சொல்லவில்லை. மிகப் பலருக்கு ஒன்றுமே இராது. வேறு பலருக்கு எளிதில் தீரக்கூடிய காரணம் இருக்கும். அதைக் கண்டறியவும் மருத்துவரே வேண்டும்.

முதலாவது, கண். படியையும் மேட்டையும் கண்டு ஒதுங்காமல் இடறுகின்ற குழந்தைக்குப் பார்வைக் குறையோ மாறுகண்ணோ இருக்கலாம். "மாறுகண் அதிர்ஷ்டம்" என்று மகிழ்ந்து காலம் கடத்துவோர் அக்கண்ணின் ஒளியையே இழக்க நேரும். இரண்டாவது, காது. அடிக்கடி சளி பிடித்து நடுச்செவியில் நீர் கோத்துக்கொண்டால், கேட்கும் திறனோடு உடலின் சமநிலையும் குன்றும். மூன்றாவது, எலும்பு. வெயில் மிகுந்த நம் நாட்டிலும் வைட்டமின் டி குறைந்த குழந்தைகள் பலர் உளர். இரண்டு வயதுக்குப் பின்னும் கால் வளைவு கூடிக்கொண்டே போவதும், மணிக்கட்டு தடித்திருப்பதும் அதன் அடையாளங்கள். நான்காவது, இடுப்பு மூட்டு. பிறவியிலேயே மூட்டு விலகியிருந்தால் குழந்தை ஒருபுறம் சாய்ந்து நொண்டும்.

ஐந்தாவது, ஒருபக்கக் குறை. ஒரு வயதுக்கு முன்னரே எப்போதும் ஒரே கையைப் பயன்படுத்துதலும், ஒரு காலை மட்டும் இழுத்து வைத்தலும், விழும்போது எப்போதும் ஒரே பக்கமாக விழுதலும் மூளையில் ஏற்பட்ட பழைய சிறு பாதிப்பைக் காட்டலாம். "இடக்கைப் பிள்ளை" என்று விட்டுவிடலாகாது. தொடக்கத்திலேயே இயன்முறைப் பயிற்சி அளித்தால் பெரும்பயன் உண்டு.

இவற்றோடு வீட்டையும் பாருங்கள். "வளர்கிற பிள்ளை" என்று இரண்டு அளவு பெரிதாக வாங்கிய செருப்பே சில குழந்தைகளை விழவைக்கின்றது. வலிப்புக்கும் சளிக்கும் தரப்படும் சில மருந்துகள் தள்ளாட்டத்தை உண்டாக்கும். குழந்தையை உள்ளே அமர்த்திச் சக்கரத்தில் ஓடவிடும் வட்ட வண்டி நடையை விரைவாகக் கற்பிப்பதில்லை. படியில் உருண்டு தலையில் அடிபடவே வழிசெய்கின்றது. கனடா நாடு 2004ஆம் ஆண்டு அதனை அறவே தடைசெய்துவிட்டது. நம் தச்சர் செய்து தந்த மூன்று சக்கர நடைவண்டி வேறு. அதில் குழந்தை தன் காலில் நின்று தானே தள்ளுகின்றது. அதற்கும் ஒருவர் அருகிருக்க வேண்டும்.

ஒரு நாளும் தாமதிக்கலாகாதவை

மேலே சொன்னவற்றுக்கு இவ்வாரத்தில் ஒரு நாள் மருத்துவரிடம் செல்லலாம். கீழ்க்காண்பவற்றுக்கு அன்றே, அப்பொழுதே செல்ல வேண்டும்.

நேற்று வரை நன்றாக ஓடிய குழந்தை இன்று தள்ளாடுமாயின் காத்திராதீர். அம்மை வார்த்து ஓரிரு வாரங்களில் வரும் தள்ளாட்டம் பெரும்பாலும் தானே நீங்கிவிடும். ஆயினும் அதை உறுதிசெய்ய வேண்டியவர் மருத்துவரே. காலில் தொடங்கும் தளர்ச்சி மேல்நோக்கி ஏறுமாயின், மூச்சுத் தசைகளையும் அது பிடிக்கக்கூடும். இந்தியாவில் கடைசி இளம்பிள்ளை வாத நோயாளி 2011 ஜனவரியில் கண்டறியப்பட்டார். 2014 மார்ச்சில் இந்தியா உள்ளிட்ட தென்கிழக்கு ஆசிய வட்டாரம் அந்நோய் நீங்கியதாகச் சான்று பெற்றது. அச்சான்றைக் காக்கவே, 15 வயதுக்குட்பட்ட எவருக்கேனும் கை கால் திடீரெனத் துவண்டால், உடனே அரசு மருத்துவத் துறைக்குத் தெரிவித்து, 14 நாள்களுக்குள் மலப் பரிசோதனை செய்யும் முறை உள்ளது. சுளுக்கு என்று எண்ணெய் தடவி நாள் கடத்துவது குழந்தைக்கும் கேடு, ஊருக்கும் கேடு.

நடையில் தள்ளாட்டமும், காலையில் எழுந்ததும் தலைவலியும் வாந்தியும் சேர்ந்து வந்தால், அல்லது குழந்தை எப்போதும் தலையை ஒருபுறம் சாய்த்தே வைத்திருந்தால், மூளையைச் சோதிக்க வேண்டும். காய்ச்சலோடு நடக்க மறுத்தால் மூட்டில் சீழ் பிடித்திருக்கலாம். நடந்த குழந்தை நடையை மறந்தால், பேசிய குழந்தை பேச்சை மறந்தால், எவ்வயதிலும் அது அவசரமே.

விழுந்து தலையில் அடிபட்டால், நினைவிழத்தல், மீண்டும் மீண்டும் வாந்தி, எழுப்பியும் எழாத மயக்க உறக்கம், வலிப்பு, காது மூக்கிலிருந்து குருதியோ தெளிந்த நீரோ வடிதல், ஆற்ற முடியாத அழுகை, கை கால் அசையாமை ஆகியவற்றுள் ஒன்று கண்டாலும் 108 ஊர்தியை அழைத்து மருத்துவமனைக்கு விரைக. தலையில் வீங்கிய இடத்தை அழுத்தித் தேய்த்துவிடும் பாட்டி வைத்தியம் வேண்டா.

எங்கே, எவ்வாறு செல்வது?

முதலில் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்திற்கோ குழந்தை மருத்துவரிடமோ செல்க. 2013ஆம் ஆண்டு நடுவண் அரசு தொடங்கிய சிறார் உடல்நலத் திட்டத்தின்படி, மருத்துவக் குழுவினர் அங்கன்வாடிகளுக்கும் அரசுப் பள்ளிகளுக்கும் வந்து, பிறப்பு முதல் 18 வயது வரையுள்ளோரைச் சோதிக்கின்றனர். குறை கண்டால், வளர்ச்சிக் குறைகளைத் தொடக்கத்திலேயே கவனிக்கும் மாவட்ட மையத்திற்கு அனுப்புவர். அவர்கள் வரும் நாளன்று பிள்ளையை வீட்டில் நிறுத்திக்கொள்ளாதீர்.

மருத்துவர் அறையில் குழந்தை அழும், நடக்காது, மடியைவிட்டு இறங்காது. ஆகவே வீட்டிலேயே அது நடப்பதையும், ஓடுவதையும், தரையிலிருந்து எழுவதையும், படி ஏறுவதையும் கைப்பேசியில் படம் பிடித்துக்கொள்ளுங்கள். இன்று அக்கருவி இல்லாத வீடு அரிது. எப்போது தவழ்ந்தது, எப்போது நடந்தது, எதைச் செய்துகொண்டிருந்தது, எதை விட்டுவிட்டது என்று ஒரு தாளில் எழுதிச் செல்லுங்கள். தாய்வழி மாமன்மாருள் எவரேனும் இளவயதில் நடை இழந்திருந்தால் தவறாது சொல்லுங்கள். "ஒன்றுமில்லை" என்று மருத்துவர் சொன்னால் நன்றி கூறி வருக. ஆனால் மூன்று மாதம் சென்றும் தேறவில்லையெனில் தயங்காது மீண்டும் செல்க.

தாயைப் பழியாதீர்

குழந்தைக்குக் குறை உண்டென்று தெரியவந்தால், நம் வீடுகளில் முதல் பழி தாய்மேல் விழுகின்றது. "உன் வழியில வந்தது" என்பர். டூஷேன் நோயைப் பொறுத்தவரை, ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினருக்கு அம்மரபணு மாற்றம் தாயிடமிருந்து வராமல் குழந்தையிடமே புதிதாகத் தோன்றுகின்றது. எஞ்சியோரிடத்தும், தாய் தன்னை அறியாமலே சுமந்த ஒன்றிற்கு அவரைக் குற்றவாளி ஆக்குவது எவ்விதத்தில் நீதி? தாயையும் அவருடைய சகோதரியரையும் சோதித்து ஆலோசனை பெறுவது குடும்பத்தின் நலனுக்காகவே, பழி சுமத்துவதற்கன்று.

கண்ணேறு என்று கயிறு கட்டுவோரும், வேளாங்கண்ணிக்கு நேர்ச்சை வைத்து மருத்துவமனையைத் தவிர்ப்போரும் உளர். நேர்ச்சை வையுங்கள், நான் தடுப்பேனா? ஆனால் மருத்துவரையும் அவர்தம் அறிவையும் தந்தவர் இறைவனே என்பது நம் சீராக் நூலின் 38ஆம் அதிகாரம் உணர்த்தும் கருத்து. மன்றாடிக்கொண்டே மருத்துவரிடம் செல்வது நம்பிக்கைக் குறைவாகாது.

"தீராத நோயென்றால் முன்னரே அறிந்து என்ன பயன்?" என்று சிலர் கேட்கின்றனர். அதற்கு அவ்விரு சகோதரர்களே விடை. இந்நோயை முற்றிலும் நீக்கும் மருந்து இன்றும் இல்லை. எனினும் தக்க வயதில் தொடங்கும் ஸ்டீராய்டு மருந்தும், தசை இறுகாமல் காக்கும் இயன்முறைப் பயிற்சியும், இதயத்தையும் மூச்சையும் காலந்தோறும் சோதித்தலும் நடையையும் வாழ்நாளையும் நீட்டிக்கின்றன. காலம் கடந்து அறியப்பட்ட மூத்தவன் 2013ஆம் ஆண்டு தன் பதினோராம் வயதில் நடை இழந்தான். மூன்று வயதிலேயே அறியப்பட்ட இளையவன் பதினான்கு வயது வரை தன் காலில் நடந்தான். தன் புதுநன்மை நாளில் அவன் பீடம் வரை நடந்தே வந்தான் என்று அடுத்து வந்த பங்குத் தந்தை எனக்குச் சொன்னார். அம்மூன்று ஆண்டுகளின் விலை என்ன என்று அத்தாயைக் கேளுங்கள்.

மூத்தவனை நான் பின்னர் ஒரு முறை பார்க்கச் சென்றேன். சக்கர நாற்காலியில் இருந்தான். சோம்பேறி என்று தன்னை அடித்த தந்தையை அவன் என்றோ மன்னித்துவிட்டிருந்தான். தந்தைதான் தம்மை மன்னிக்க இயலாதிருந்தார். இயலாமையைச் சோம்பல் என்று தண்டித்த நினைவு ஒரு தந்தைக்கு எத்தனை பாரம் என்பதை அன்று அவர் முகத்தில் கண்டேன். என் பாரமும் அதற்குக் குறைந்ததன்று.

ஆகவே பெற்றோரே, இன்று மாலை ஒரு சிறு காரியம் செய்யுங்கள். கூடத்தில் ஒரு பாயை விரித்து உங்கள் குழந்தையை அமரச் செய்யுங்கள். சற்றுத் தொலைவில் நின்று, அதற்கு விருப்பமான ஒன்றைக் காட்டி, "வா கண்ணே" என்று அழையுங்கள். தூக்கிவிடாதீர்கள். அது எவ்வாறு எழுகின்றது, எவ்வாறு வருகின்றது என்று பாருங்கள். துள்ளி எழுந்து ஓடிவந்து உங்கள் கழுத்தைக் கட்டிக்கொண்டால், இறைவனுக்கு நன்றி சொல்லுங்கள். தொடையில் கையூன்றி மெல்ல ஏறி வந்தால், அப்போதும் அணைத்துக்கொள்ளுங்கள். மறுநாள் காலையில் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

"வளர்ந்தால் சரியாகிவிடும்" என்று யாரேனும் சொன்னால், சொல்பவர் பங்குச் சாமியாரே ஆனாலும், அன்புகூர்ந்து கேளாதிருங்கள்.